கப்பல் சாப்பாடு மயாமிச் சாப்பாடு, கரீபியன் சாப்பாடு கரையில்தான் இருக்கிறது

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதிலை மட்டும் படிப்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. டெக்ஸஸில் இருக்கும் ஒரு பெண்மணி, அவர் கணவர், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார் என்று நாலு பேர், டிசம்பரில் ஏழு இரவு கரீபியன் குரூஸ் போகப் போகிறார்கள். மயாமியில் ஏறி கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா சுற்றி வரும் மேற்கு ஓட்டமா, போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவானில் ஏறி செயின்ட் தாமஸ், மார்ட்டினிக், பார்படோஸ் போகும் தெற்கு ஓட்டமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரியவர்கள் சுத்த சைவம். கேள்வி மூன்று: கப்பலில் சாப்பாடு எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்கிறார்களே, பிறகு வெளியே ஏன் சாப்பிட வேண்டும்? டிரிங்க்ஸ் பேக்கேஜ் நாளுக்கு 75 டாலராம், எடுக்கலாமா? ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

மூன்றாகக் கேட்டாலும் எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் கட்டப் போகிறோம், அதை எப்படி வசூல் பண்ணுவது? மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காருகிறவரின் மனநிலை. தப்பில்லை, எனக்கும் உண்டு. ஆனால் குரூஸில் வசூல் பண்ண நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதைச் சமையலறைப் பக்கமிருந்து ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன். கேட்டரிங் படித்துவிட்டு கரீபியன் ஓட்டத்தில் இருக்கும் கப்பல்களில் கேலியில், அதாவது கப்பல் சமையலறையில், காய் நறுக்குவதில் தொடங்கி பஃபே பொறுப்பு வரை வேலை செய்தவன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கடலை விட்டு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டதால், விலைகளை மட்டும் பதிவு செய்யும் நாளில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாடு. நீங்கள் ஏறும் நாளை நாங்கள் டர்ன்-அரவுண்ட் டே என்போம். விடிகாலையில் கப்பல் மயாமியில் கட்டும், பழைய பயணிகள் இறங்குவார்கள், சாயங்காலத்துக்குள் புதியவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு வாரத்துக்கான முட்டை, கோழி, மீன், கீரை, பால், மாவு எல்லாம் ஃபோர்க்லிஃப்டில் பலகை பலகையாக உள்ளே போகும். நீங்கள் மேல்தளத்தில் குடை வைத்த டம்ளருடன் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே நாங்கள் உறைந்த மீன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்போம். நடுவில் எந்தத் தீவிலும் பெரிதாகச் சரக்கு வாங்குவதில்லை. ஆகவே ஜமைக்காவில் நிற்கும் நாளில் பஃபேயில் ‘ஜெர்க் சிக்கன்’, அதாவது மசாலா தடவிப் புகையில் சுடும் ஜமைக்காக் கோழி, என்று பலகை வைத்திருந்தால், அந்தக் கோழியும் மசாலாவும் மயாமிக் கிடங்கிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாயிரம் பேருக்குச் சமைக்கும்போது யாருக்கும் உறைக்காத அளவுக்கு அதைச் சாந்தப்படுத்தியும் இருப்போம். கெட்ட சாப்பாடு என்று சொல்லமாட்டேன், நானே சமைத்தது. ஆனால் அது மயாமிச் சாப்பாடு. கரீபியன் சாப்பாடு வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டிக் கரைக்குத்தான் போக வேண்டும்.

இதனால்தான் துறைமுக நாளில் மதியம் சாப்பிட மட்டும் கப்பலுக்குத் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வெயிலில் இருபது நிமிடம் நடந்து, வரிசையில் நின்று, பையை ஸ்கேன் பண்ணி, லிஃப்டுக்குக் காத்திருந்து, நேற்றுச் சாப்பிட்ட அதே பாஸ்தாவைச் சாப்பிடுவார்கள். கேட்டால், காசு கட்டியிருக்கோமே என்பார்கள். துறைமுக நாளில் காலையில் பழம், முட்டை, ஒரு ரொட்டித் துண்டு என்று அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு இறங்குங்கள். மதியம் கரையில். ராத்திரி நிதானமாக உட்கார்ந்து கப்பலின் டைனிங் ரூமில். கடல் நாளில், அதாவது எங்கும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் நாளில், தாராளமாகப் பஃபேயில் விளையாடுங்கள், ஆனால் பன்னிரண்டரை மணிக் கூட்டத்தில் வேண்டாம், பதினொன்றரைக்கோ இரண்டுக்கோ போனால் தட்டும் சூடாக இருக்கும், உட்கார இடமும் கிடைக்கும். ஏறும் நாள் மதியம் ஊரே பஃபேயில்தான் நிற்கும். அன்று மெயின் டைனிங் ரூம் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல கப்பல்களில் திறந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

பெரியவர்களின் சைவச் சாப்பாடுதான் உங்களுடைய உண்மையான கவலை என்று நினைக்கிறேன். சைவம் கிடைக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் முன்கூட்டிச் சொன்னால் இந்திய சைவ உணவு தனியாகவே செய்து தருவார்கள். ஆனால் ‘இந்திய’ என்றால் பனீர், தால், ஆலு கோபி, புலாவ். சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள், சமைப்பவர் கோவாக்காரராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். டிக்கெட் போடும்போதே ‘சிறப்பு உணவு’ பகுதியில் எழுதிவிடுங்கள். அதோடு நிற்காமல், ஏறிய அன்று மதியமே டைனிங் ரூம் வாசலுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பார்த்து, ‘முட்டையும் கிடையாது, மீனும் கிடையாது’ என்று நேரில் சொல்லுங்கள். வெஜிடேரியன் என்றால் மீன் சாப்பிடலாம் என்று நினைக்கிற ஆட்கள் உலகத்தில் நிறைய உண்டு. சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற முறையை விட, தினமும் ஒரே நேரம் ஒரே மேசை என்கிற பழைய முறையை எடுங்கள். அதே வெயிட்டர்தான் ஏழு நாளும் வருவார். இரண்டாம் நாள் ராத்திரிக்குள் உங்கள் மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், மறுநாள் மெனுவைக் காட்டி இன்றே ஆர்டர் வாங்கிக்கொள்வார். கேலிக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் வருவது ருசியாக இருக்கும். அந்த நிமிடம் கேட்டால் வேகவைத்த காய்தான் வரும்.

சில மறைவான கண்ணிகள் உண்டு. சூப்பில் காய்தான் தெரியும், அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கும். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி மீன் உண்டு. மூஸ், சில சீஸ்கேக் வகைகளில் ஜெலட்டின் உண்டு, அது மிருகக் கொழுப்பில்லை, எலும்பும் தோலும். பொரிக்கும் எண்ணெய் விஷயத்தில், நான் வேலை செய்த கப்பல்களில் பஃபேயின் உருளைக்கிழங்கு ஃப்ரையும் மீனும் ஒரே எண்ணெயில் போன நாட்கள் உண்டு. எல்லாக் கப்பலுக்கும் இதைப் பொதுவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆசாரம் பார்ப்பவர்கள் என்றால் ஃப்ரையைத் தவிர்ப்பது நல்லது. தனி வாணலியில் செய்து தரச் சொன்னால் டைனிங் ரூமில் செய்வார்கள், பஃபேயில் அது நடக்காது. அப்புறம், ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள்! சிரிக்காதீர்கள், ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றாவது பிடிபடும். சூடாகும் சுருள் உள்ள சமையல் சாதனம், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ பயத்தால் கேபினில் தடை. ஸ்கேனிலேயே எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள்.

டீ. இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும், எத்தனை மாமனார்கள் முகம் வாடிப் பார்த்திருக்கிறேன்! பஃபேயில் டீ என்றால் வெந்நீர், ஒரு டீ பை, பக்கத்தில் குளிர்ந்த பால். கலந்தால் வெதுவெதுப்பாகக் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று வரும். என்ன செய்ய வேண்டுமென்றால், வெயிட்டரிடம் ‘ஹாட் மில்க்’ என்று கேளுங்கள், கொண்டு வருவார்கள். கோப்பையில் கால் பங்கு வெந்நீர் விட்டு இரண்டு டீ பையைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் வைத்து, கருஞ்சிவப்பாக இறங்கிய பிறகு சூடான பாலை ஊற்றுங்கள். ஊர் டீ ஆகாது, ஆனாலும் மனுஷன் சமாதானமாகிவிடுவார். இதற்குக் காசு கிடையாது.

காசு உள்ள குடிக்கு வருவோம். தண்ணீர், சாதாரணக் காபி, டீ, எலுமிச்சை ஜூஸ், ஐஸ் டீ, காலையில் பழச்சாறு எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். கோக், பீர், காக்டெயில், நல்ல எஸ்பிரெஸோ காபி இவையெல்லாம் தனிக்காசு. நீங்கள் சொன்ன 75 டாலரோடு 18 சதவீதம் டிப்ஸ் சேரும் என்று வைத்துக்கொண்டால் 88.50. ஏழு நாளுக்கு 619.50. இதில் கொக்கி என்னவென்றால், பல கம்பெனிகளில் ஒரே கேபினில் இருக்கும் வயதுவந்தவர்களில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும். உங்களுக்கும் கணவருக்குமாக 1,239 டாலர். மாமனார் மாமியார் வேறு கேபின் என்றால் அவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. காக்டெயில் ஒன்று 14 டாலர், டிப்ஸோடு பதினாறரை என்று வைத்துக்கொண்டால், ஒருவர் நாளுக்கு ஐந்தாறு காக்டெயில் குடித்தால்தான் போட்ட காசு திரும்பும். அதுவும் ஏழு நாளும். துறைமுக நாளில் எட்டு மணி நேரம் நீங்கள் கப்பலிலேயே இருக்கப் போவதில்லை. கணவர் நன்றாகக் குடிப்பவர், நீங்களும் கூட உட்காருவீர்கள் என்றால் கணக்கு வேறு, அதில் நான் தலையிடவில்லை. ராத்திரி ஒரு கிளாஸ் வைன், கடல் நாளில் இரண்டு பீர் என்றால் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில், ஏறும் நாளில் வயதுவந்த ஒருவருக்கு 750 மில்லி வைன் பாட்டில் ஒன்றைக் கையில் கொண்டுவரப் பல கம்பெனிகள் விடுகின்றன. டைனிங் ரூமில் திறந்தால் சிறு கட்டணம் வாங்குவார்கள், கேபினில் குடித்தால் அதுவும் இல்லை. தீவில் வாங்கும் ரம் பாட்டிலை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி ராத்திரிதான் தருவார்கள், அதை அன்றே திறக்கலாம் என்று கனவு காணாதீர்கள்.

அந்த ஆயிரத்திருநூறில் கால்வாசியைக் கரையில் செலவழியுங்கள் என்பதுதான் என் யோசனை. எங்கே, எதில் என்று சொல்கிறேன்.

மேற்கு ஓட்டம் என்றால் கோசுமெலில் கடலோர வீதியை ஒட்டிய கடைகளை விட்டு நாலைந்து தெரு உள்ளே போங்கள், ஊர்க்காரர்கள் சாப்பிடும் டாக்கோ கடைகள் அங்கேதான். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு கொச்சினீதா பீபில் என்று ஒன்று உண்டு: பன்றிக்கறியை ஆச்சியோத்தே என்ற சிவப்பு விதை மசாலாவிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழை இலையில் சுற்றி, மண்ணுக்குள் குழி வெட்டிச் சுடுவது. இலை வெந்த அந்த வாசனைக்கு நம் மூக்கு உடனே தலையாட்டும். பக்கத்தில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஒரு சட்னி வைப்பார்கள், அது ஹபநேரோ மிளகாய். நாங்கள் பார்க்காத காரமா என்று ஒரு கரண்டி அள்ளிப் போட்ட என் குண்டூர் நண்பன் பத்து நிமிடம் வாயைத் திறந்துகொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். துளியில் ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்கு அங்கே ஒரு எச்சரிக்கை: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். ‘சின் மந்தேக்கா’ என்றால் கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம், அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையில் கட்டாது. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்று சின்னப் படகில் இறக்குவார்கள். அலை இருந்தால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே பலகை ஆடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை யோசித்துக் கூட்டிப் போங்கள், கையைப் பிடிக்க ஆள் நிற்பார்கள் என்றாலும். அங்கே உணவு விடுதி மெனுவில் போட்டிருக்கும் விலை கேமன் டாலராக இருக்கலாம், ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர், கடையில் பெரும்பாலும் 1.25 என்று போடுவார்கள். பில் வந்த பிறகு சண்டை போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்காக மட்டும் அங்கே இறங்குவதில் பெரிய லாபம் இல்லை என்பது என் அபிப்பிராயம், கடற்கரை அருமை, அவ்வளவுதான்.

ஜமைக்காவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. ஜெர்க் என்பது மசாலாவின் பேர் மட்டும் கிடையாது, சுடும் முறையின் பேரும். பிமெண்டோ மரக்கட்டையின் புகையில் மெதுவாகச் சுட வேண்டும். அந்த மரத்தின் காயைத்தான் நாம் ஆல்ஸ்பைஸ் என்று வாங்குகிறோம். கூடவே ஸ்காட்ச் பானெட் மிளகாய், தைம் இலை, வெங்காயத்தாள். அரைப் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கி, மேலே தகரத்தை மூடி, ஆள் கத்தியால் கொத்திக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். கப்பலில் அடுப்பில் வேகவைத்து நாங்கள் ஜெர்க் என்று கொடுத்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும். சைவர்களுக்கும் ஜமைக்கா நல்ல ஊர், இது பலருக்குத் தெரியாது. ராஸ்தாஃபாரி மார்க்கத்தவர்கள் ‘ஐட்டல்’ என்று ஒரு சமையல் வைத்திருக்கிறார்கள்: கறி கிடையாது, பலர் உப்பையும் ஒதுக்குவார்கள், தேங்காய்ப்பாலில் பயறு, பூசணி, கீரை. டாக்சிக்காரரிடம் ஐட்டல் கடை என்று கேட்டால் போதும். சீமைப்பலாவை முழுசாகத் தணலில் கருகச் சுட்டு, தோலைச் சீவி, துண்டுபோட்டுத் தருவார்கள், மாவாக, லேசான இனிப்போடு இருக்கும். அந்த மரம் 1793-ல் பசிபிக் கடலில் இருக்கும் டாஹிட்டித் தீவிலிருந்து வில்லியம் பிளை என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கொண்டுவந்தது, அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போட. ‘ரைஸ் அண்ட் பீஸ்’ என்கிற தேங்காய்ப்பால் சோறும் பெரும்பாலும் சைவம்தான், சில சமையல்காரர்கள் உப்புக்கண்டப் பன்றி வால் போடுவதுண்டு, கேட்டுவிடுங்கள். நீங்கள் கறி சாப்பிடுபவர் என்றால் ‘கரி கோட்’டை விடாதீர்கள். 1845-லிருந்து கூலிகளாக வந்த நம் நாட்டு மக்கள் விட்டுப்போன சாப்பாடு அது, மஞ்சள் தூக்கலாக, ஆல்ஸ்பைஸ் வாசனையோடு.

ஆனால் சாப்பாட்டுக்காகவே ஒரு வழியைத் தேர்ந்தெடு என்றால் நான் தெற்கு ஓட்டத்தைத்தான் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் மார்ட்டினிக். ஃபோர் த ஃப்ரான்ஸ் ஊரில் கூரை போட்ட பெரிய சந்தை இருக்கிறது, கப்பல் கட்டும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். வெனிலா, ஜாதிக்காய், ரம் பாட்டில்கள், பொட்டலம் பொட்டலமாக மசாலாப் பொடிகள், பின்பக்கம் சாப்பாட்டு மேசைகள். முதல் தடவை போனபோது ஒரு வயசான அம்மா பாத்திரத்தின் மூடியைத் திறந்தார், நான் அப்படியே நின்றுவிட்டேன். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கொஞ்சம் கடுகு, வெந்து குழைந்த ஆட்டுக்கறி. பலகையில் ‘கொலொம்போ’ என்று எழுதியிருந்தது. இலங்கைக் கொழும்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு தட்டை வாங்கி ஒரு வாய் வைத்தேன். காரம்தான் இல்லை, மற்றபடி ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் என்ன இருக்குமோ அது. ‘குழம்பு’ என்றேன். அவர் ‘கொலொம்போ, கொலொம்போ’ என்று திருத்தினார், நான் மறுபடி குழம்பு என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம். 1853 மே மாதம் முதல் கப்பல் வந்ததிலிருந்து முப்பது வருடத்தில் சுமார் 25,000 பேர், பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள், இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்திருக்கிறார்கள். இது உறுதியான வரலாறு. அந்தச் சொல் ‘குழம்பு’ என்பதிலிருந்துதான் வந்தது என்பதைப் பரவலாகச் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன், ஆனால் கொழும்பு நகரத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. சாப்பிட்ட நாக்கு ஒரு பக்கம்தான் சாட்சி சொல்லும். அங்கே ரம்மும் வேறு ஜாதி: மற்ற இடங்களில் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து எடுப்பார்கள், இங்கே புதுக் கரும்புச் சாற்றிலிருந்து நேராக. 1996-லிருந்து அதற்குப் பிரெஞ்சு அரசின் தரக்குறியீடும் இருக்கிறது. கரும்புப் பாகும் ஒரு சீவல் எலுமிச்சையும் போட்டு ‘டி பஞ்ச்’ என்று சின்னக் கிளாஸில் தருவார்கள். சின்னதுதானே என்று இரண்டாவதைக் கேட்காதீர்கள்.

பார்படோஸில் பறவைக் கோலா மீனும் கூ-கூவும். கூ-கூ என்பது மக்காச்சோள மாவைக் கிண்டி வெண்டைக்காய் சேர்த்த களி, வழவழவென்று இருக்கும். ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்த உங்கள் மாமனாருக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன், மேலே ஊற்றும் மீன் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சரி. பெரியவர்களுக்கு இன்னொரு வழி ரொட்டிக் கடை. டிரினிடாட் போகாவிட்டாலும் கிழக்குத் தீவுகள் பலவற்றில் டிரினிடாட் பாணி ரொட்டிக் கடை ஒன்று எங்காவது இருக்கும், உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டித் தருவார்கள், ஒரு சுருளே இரண்டு பேருக்குக் காணும். செயின்ட் தாமஸில் டாக்சிக் கட்டணம் அரசு நிர்ணயித்தது, ஆளுக்கு இவ்வளவு என்று, வண்டிக்கு இவ்வளவு என்று கிடையாது. ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2020-லிருந்து தடை.

தெற்கு ஓட்டத்துக்கு எதிராகவும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தினமும் ஒரு துறைமுகம், கடல் நாள் ஒன்றுதான் இருக்கும், பெரியவர்கள் களைத்துப் போவார்கள். அப்புறம் மார்ட்டினிக் பிரான்சின் மண், மாமனார் மாமியார் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அங்கே இறங்க விசா விதி வேறு. டிக்கெட் போடுமுன் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். எந்த ஓட்டமானாலும் அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், கப்பல் வெளியே போய்த் திரும்பி வருகிறதே.

எல்லாத் துறைமுகத்திலும் இறங்கணுமா என்றால், வேண்டாம். ஏழு நாளில் இரண்டு இடத்தை உருப்படியாகப் பார்த்தால் போதும். மூன்றாவது இடத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு காலியான நீச்சல் குளத்தில் கிடப்பதும் ஒரு சுகம்தான். இறங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், கப்பல் நேரம் வேறு, ஊர் நேரம் வேறாக இருக்கலாம். உங்கள் டிசம்பரில் மயாமியும் கோசுமெலும் ஒரே நேரம். ஆனால் மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றியதும் கோசுமெல் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும், கைப்பேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு ஜூன் மாதம், ஊழியர் தளத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது, கயிற்றை அவிழ்த்த பிறகு ஒரு தம்பதி இரண்டு கையிலும் பையோடு மேடையில் ஓடி வந்ததைப் பார்த்தேன். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டி நீட்டிக் காட்டினார், இன்னும் நேரம் இருக்கிறது என்று. கப்பல் நிற்கவில்லை. கம்பெனி மூலம் பதிவு செய்த சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், தனியாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். தனியாகப் போவதில் தப்பில்லை, நான் எப்போதும் தனியாகத்தான் போனேன், ஏறும் கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் கிடந்தால் தொடாதீர்கள், அது மான்ஷினீல், பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவும் கூடாது. சில தீவுகளில் அந்த மரத்துக்குச் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். ராணுவ உடை போலப் பச்சைத் திட்டுப் போட்ட டிராயர் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பார்படோஸிலும் ஜமைக்காவிலும் சாதாரண ஆட்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம்.

வயிறு கெட்டுப்போகுமா என்று அதே கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லாமல் வந்து சோதிக்கும், நூற்றுக்கு மார்க் போடும், 85 அல்லது அதற்குக் கீழே என்றால் ஃபெயில், மார்க்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. சோதனைக்காரர்கள் ஏறினார்கள் என்று தகவல் வந்தால் கேலியில் எல்லார் முகமும் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும். ஆகவே சமையலை விட, பஃபேக் கரண்டியைப் பிடிக்கும் மற்ற பயணிகளின் கைதான் பிரச்சினை. வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் கிருமிக்கு வாசலில் தெளிக்கும் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கரண்டியைத் தொட்ட பிறகும் கழுவுங்கள். கப்பல் ஆட்டத்துக்கு எங்கள் ஆட்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும்தான் மருந்து என்பார்கள், எனக்குப் பலித்தது, இதற்கு விஞ்ஞானம் கேட்டால் என்னிடம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மாமனார் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். எப்போது என்ன சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சமையல்காரன்.

கடைசியாகத் தயிர்ச்சாதம். சர்க்கரை போடாத வெறும் தயிர் காலைப் பஃபேயில் மட்டும்தான் வெளியே இருக்கும், பழம் கலந்த கிண்ணங்களுக்கு நடுவே ‘ப்ளெயின்’ என்று எழுதியிருக்கும். மதியம் சாதம் இருக்கும், தயிரை உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள். கவுண்டரில் நிற்கும் ஆளிடம் கேட்டால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார், நான் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சாதத்தை வெந்நீர் விட்டு நன்றாக மசிக்கச் சொல்லுங்கள், அங்கே போடுவது நீள அரிசி, தானாகக் குழையாது. ஊறுகாயை மட்டும் கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் போட்ட பாட்டில் வேண்டாம், எண்ணெய் ஒழுகி மாமியாரின் பட்டுப்புடவை போய்விடும்.